போனை விற்கும் முன்: வரிசை மாறினால் வம்புதான்

தர்மபுரி நாலு ரோட்டுக் கடை வாசலில் நின்றபடி, விற்க வந்த போனில் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழிப்பது வீண் வேலை. வீண் என்பதோடு நிற்காது, ஆபத்தும்கூட. சின்க் (போனையும் கூகுள் கணக்கையும் தானாக ஒத்துப்போக வைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருக்கும்போது கான்டாக்டை அழித்தால் கூகுள் கணக்கிலிருந்தே எண்கள் போய்விடும். புதுப் போனிலும் இருக்காது. கூகுள் போட்டோஸிலும் இதே கதைதான்.

முதலில் பேக்கப். அடுத்து சிம்மைப் புதுப் போனில் போட்டு, யுபிஐ ஆப், ஓடிபி தரும் ஆத்தென்டிகேட்டர், வாட்ஸ்அப் மூன்றும் அங்கே ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவரை பழைய போனில் கை வைக்க வேண்டாம்.

பெரிய தவறு இனிமேல்தான். செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்காமல், பவர், வால்யூம் பட்டன்களை அழுத்தி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்வது. ஆண்ட்ராய்டு 5.1 முதல் இதற்கென்றே ஒரு பூட்டு உண்டு: போன் மறுபடி ஆன் ஆனதும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். கடைக்காரர் விலையைக் குறைப்பார், இல்லையென்றால் “பாஸ்வேர்டைச் சொல்லுங்கண்ணா” என்பார். சொல்லாதீர்கள். சாம்சங், ஷாவ்மி போன்களில் அந்தந்த நிறுவனக் கணக்கையும் நீக்க வேண்டும். ஐபோனில், தொலைந்த போனைத் தேடித் தரும் ‘ஃபைண்ட் மை’ அணைந்திருக்க வேண்டும்.

கணக்கு போனபின், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது, செட்டிங்ஸ் வழியாகவே முழு ரீசெட் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த போன்களிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் தகவல் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறித்தான் பதிவாகிறது. ரீசெட்டில் அதன் சாவி அழிகிறது, மிச்சம் இருப்பது யாருக்கும் புரியாத குப்பை. பழைய தகவல் மீளாமலிருக்க வீடியோ எடுத்து நிரப்பி மூன்று முறை ரீசெட் செய்யும் வைத்தியம் இவற்றுக்குத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 10-க்கு முந்தைய போன் என்றால் மட்டும் செக்யூரிட்டியில் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், சார்ஜரைக் கழற்றக் கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு மெமரி கார்டை உள்ளேயே விட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. கார்டை ஃபார்மட் செய்தாலும் பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் அழியும். இலவச ரெக்கவரி மென்பொருளே ஆதார் நகலையும் கல்யாண போட்டோவையும் மீட்டுவிடும். சில நூறு ரூபாய் கார்டு, கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

டச் வேலை செய்யவில்லையா? போனோடு யுஎஸ்பி சாதனங்களை இணைக்கும் ஓடிஜி கேபிளில் மவுஸ் செருகினால் பல போன்களில் அம்புக்குறி வரும். அதை வைத்தே முடித்துவிடலாம்.

கடைசியாக, வீட்டிலேயே போனை ஆன் செய்து வைஃபை கொடுத்து நாலைந்து திரை தள்ளிப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்டால் பூட்டு இன்னும் விழுந்தே இருக்கிறது. உள்ளே நுழைந்து கணக்கை நீக்கிவிட்டு மறுபடி ரீசெட். கேட்கவில்லையென்றால் அங்கேயே அணைத்துக் கடைக்கு எடுத்துப் போகலாம்.