கோமாட்டியில் முன்பின் மாறிய கணக்கு: நியாயமான ஆற்றல் மாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் ம்புமலங்கா மாகாணம் நிலக்கரிப் பூமி. அங்கே 1961இல் ஓடத் தொடங்கிய கோமாட்டி அனல் மின்நிலையத்தின் கடைசி அலகை, அரசு மின்நிறுவனமான எஸ்காம் 2022 அக்டோபர் 31 அன்று நிறுத்தியது. அதே இடத்தில் 150 மெகாவாட் சூரிய மின்சாரம், 70 மெகாவாட் காற்றாலை, 150 மெகாவாட் பேட்டரி சேமிப்பு எல்லாம் வரும் என்றார்கள். அதற்கு உலக வங்கி 49.7 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. ஒப்புதல் கிடைத்த நாள்தான் விசேஷம்: நிலையத்தை மூடிச் சில நாட்கள் ஆன பிறகு, நவம்பரில்.

நியாயமான ஆற்றல் மாற்றம் என்றால், நிலக்கரியை நம்பியிருந்த தொழிலாளரையும் ஊரையும் கைவிடாமல் வேறு மின்சாரத்துக்கு மாறுவது. நிலக்கரியை விட்டு வெளியே வர நினைக்கும் அரசுகள் இதில் செய்கிற பிழைகளில் பாதி இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவிலேயே கிடக்கிறது. பணம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எது முதலில், எது அப்புறம் என்பதைக் கோட்டைவிட்டால், பெரிய தொகையும் ஊருக்குள் வந்து சேராது.

முதலில் மூடிவிட்டு, பிறகு யோசிப்பது

கோமாட்டியின் நிரந்தர ஊழியர்களை எஸ்காம் வேறு நிலையங்களுக்கு மாற்றியது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாறிப் போக இடமில்லை. துப்புரவு, காவல், வெல்டிங் என்று வேலை பார்த்தவர்களின் ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். அவர்களை நம்பியிருந்த கடைக்காரரும் வாடகைக்கு வீடு விட்டவரும் எந்தத் திட்ட அறிக்கையின் கணக்கிலும் சரியாக வரவில்லை. நெய்வேலியை அறிந்தவர்களுக்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற இந்தப் பிரிவினையை விளக்கவே வேண்டாம்.

காலமும் மோசம். 2022இல் அந்த நாட்டில் 200 நாட்களுக்கு மேல் மின்வெட்டு இருந்தது. ஊரே இருட்டில் கிடக்கும்போது ஒரு மின்நிலையத்தை மூடினால் மக்கள் என்ன நினைப்பார்கள்? அது பழைய நிலையம், கடைசியில் ஓடியது ஒரே ஒரு அலகுதான் என்ற விளக்கமெல்லாம் எடுபடவில்லை. மின்சாரத்துறை அமைச்சர் ராமோக்கோபாவே இந்த மூடலை வெளிப்படையாகக் குறை சொன்னார். அடுத்து மூட வேண்டிய காம்டன், ஹென்ட்ரினா, கிரூட்ஃப்ளே நிலையங்களை 2030 வரை ஓட்டுவது என்று முடிவானது. வரிசை தப்பிய ஒரு மூடல், அதற்குப் பின்னால் நின்ற மூன்றையும் தள்ளிப்போட்டுவிட்டது. பருவநிலைக்காக வாதாடுகிறவர்கள்தான் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பேன்.

ஆஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கிலும் இப்படி நடந்ததுண்டு. 1,600 மெகாவாட் ஹேசல்வுட் நிலையத்தை மூடப்போவதாக 2016 நவம்பரில் அறிவித்தார்கள். 2017 மார்ச் முடிவில் மூடியே விட்டார்கள். ஐந்து மாதத்துக்குள் மாற்று வேலை எங்கிருந்து வரும்? விக்டோரியா மாநில அரசு அவசரமாக ஒரு தனி ஆணையத்தை அமைத்து, 26.6 கோடி ஆஸ்திரேலிய டாலரையும் ஒதுக்கியது. அதைவிட முக்கியமானது பின்னால் வந்த விதி. நிலையத்தை மூடுகிறவர் மூன்று வருடம் முன்பே சொல்ல வேண்டும் என்றார்கள். பிறகு அது மூன்றரை வருடமானது. கஜானாவுக்கு ஏறக்குறைய செலவே இல்லாத விதி இது. ஆனால் எப்போது மூடுவார்கள் என்று தொழிலாளிக்கும் தெரிகிறது, அந்த இடத்தை நிரப்ப வருகிற முதலீட்டாளருக்கும் தெரிகிறது.

அறிவித்த தொகையை வந்த பணமாக நினைப்பது

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் என்று அறிவித்தன. கைத்தட்டல் பலமாக இருந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தால், திருப்பித் தர வேண்டாத மானியம் சுமார் 4 சதவீதம்தான். மீதி கடன், உத்தரவாதம், தனியார் முதலீடு என்ற வகை. அடுத்த ஆண்டு அந்த நாடு வெளியிட்ட திட்டமோ ஐந்து வருடத்துக்கு 1.5 லட்சம் கோடி ரேண்ட் (அந்நாட்டு நாணயம்) தேவை என்றது. 2025 மார்ச்சில் அமெரிக்கா இந்தக் கூட்டணியிலிருந்து விலகியும் விட்டது.

கடன் கெட்டது என்று சொல்லவில்லை. சூரிய மின்நிலையம் மின்சாரம் விற்றுக் கடனை அடைக்கும். ஒரு வெல்டருக்கு மறுபயிற்சி கொடுத்தாலோ, வருமானம் இழந்த நகராட்சியைத் தாங்கிப் பிடித்தாலோ, வட்டி கட்ட அதிலிருந்து காசு வராது. அந்தச் செலவைக் கடனில் எழுதி வைத்த திட்டங்களில் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். அதை உள்நாட்டு பட்ஜெட்டில் போட்டு, எந்த வருடம் எவ்வளவு என்று சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு. 2038க்குள் நிலக்கரியை நிறுத்த 2020இல் சட்டம் போட்ட ஜெர்மனி, சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை என்று அப்போதே ஒதுக்கியது. 58 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓய்வூதியம் வரும்வரை, அதிகபட்சம் ஐந்து வருடம், உதவித்தொகையும் உண்டு. அந்த வயதில் போய்க் கணினி வகுப்பில் உட்காரச் சொல்வதைவிட இது கண்ணியமானது.

மானியம் மட்டுமே முதலீட்டாளருக்குச் சமிக்ஞை என்று நம்புவது

முதலீட்டாளர் அரசின் பேச்சைவிட அரசு போடும் கையெழுத்தைத்தான் பார்க்கிறார். தென்னாப்பிரிக்காவில் ஏலத்தில் வென்ற 27 புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்களுடன் ஒப்பந்தம் போட எஸ்காம் இழுத்தடித்தது. 2018 ஏப்ரலில்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட வருடங்களில், ஆர்டரை நம்பி உள்நாட்டில் வந்த உற்பத்தித் தொழில் தடுமாறியது. ஏலம் நன்றாகத்தான் நடந்தது, விலையும் குறைந்துகொண்டே வந்தது. இருந்தும் ஒரு நிறுவனத்தின் தயக்கம் எல்லாவற்றையும் முடக்கியது.

இதற்கு நேர் எதிர் 2021 ஜூன். உரிமம் இல்லாமல் 1 மெகாவாட் வரைதான் சொந்தமாக மின்சாரம் தயாரிக்கலாம் என்றிருந்ததை 100 மெகாவாட்டாக உயர்த்துவதாக அதிபர் ராமபோசா அறிவித்தார். பிறகு அந்த வரம்பும் எடுக்கப்பட்டது. அரசு மானியம் எதுவும் தராமலேயே சுரங்கங்களும் ஆலைகளும் தங்கள் பணத்தைப் போட்டு மின்நிலையம் கட்ட இறங்கின.

கம்பியை மறப்பது

தென்னாப்பிரிக்காவில் 2022இல் நடந்த ஆறாவது சுற்று மின்திட்ட ஏலத்தில் 3,200 மெகாவாட் காற்றாலைக்கு இடம் இருந்தது. ஒரு மெகாவாட் கூட வழங்கப்படவில்லை. காற்று நன்றாக வீசும் கேப் மாகாணங்களில் புதிய மின்சாரத்தை ஏற்க மின்கம்பிக் கட்டமைப்பில் இடமில்லை! வலுவான கம்பிகளெல்லாம் நிலக்கரி எரியும் ம்புமலங்காவைச் சுற்றியே இழுக்கப்பட்டிருந்தன.

அப்படியென்றால் பழைய மின்நிலையத்தின் மின்இணைப்பு ஒரு சொத்து. இதைப் புரிந்துகொண்ட நாடு ஸ்பெயின். தெருவெல் மாகாணத்து அந்தோரா ஊரில் 2020இல் மூடிய நிலக்கரி நிலையம் விட்டுச்சென்ற சுமார் 1,200 மெகாவாட் இணைப்பை அரசு ஏலத்தில் வைத்தது. விலையை மட்டும் பார்க்கவில்லை. உள்ளூரில் எத்தனை வேலை, யாருக்குப் பயிற்சி என்பதற்கும் மதிப்பெண். எண்டேசா நிறுவனம் அதை 2022 இறுதியில் வென்றது. இணைப்பு வேண்டுமானால் ஊருக்கு வேலை தர வேண்டும் என்ற பிடி இதில் இருக்கிறது. ஆனாலும் மூடலுக்கும் ஏல முடிவுக்கும் நடுவே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. புகைபோக்கி ஓயும் முன்பே அந்த ஏலத்தை நடத்த ஸ்பெயினுக்கு எந்தத் தடையும் இருந்ததாகத் தெரியவில்லை.