இடப்பெயர்வைப் பாட்டோடு சொல்லித்தரும்போது சறுக்கும் இடங்கள்

மனித இடப்பெயர்வைக் குழந்தைகளுக்குச் சொல்ல, தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன மலையகத் தமிழரின் வரலாறு அருமையான பாடம். கதை, பாட்டு, தப்பு என்னும் பறை எல்லாம் அதில் உண்டு. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? பாடத்தை முடித்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பாட்டை ஓடவிடுகிறோம். பிள்ளைகள் தாளம் தட்டிவிட்டுக் கலைந்துபோகிறார்கள்.

பாட்டுதான் அங்கே சாட்சி. அதை யார், யாருக்காக, என்ன வேலைக்கு நடுவே பாடினார்கள் என்று கேட்க வையுங்கள். குழந்தையைத் தூங்கவைக்கும் தாய் பாடுவதும், தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் தங்களை வேலை வாங்கும் கங்காணியைக் கேலி செய்து பாடுவதும் ஒரே சங்கதி அல்ல. தப்பும் அப்படித்தான்: விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு அணிதிரள, ஆள் கூப்பிட ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி. எது எதற்கென்று பிள்ளைகளே ஊகிக்கட்டும்.

முழுக்க அழுகையாகச் சொல்வதும் தவறு. ஊரில் பஞ்சம், தலையில் கடன், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை, வழியில் காலரா எல்லாம் நிஜம். அது மட்டுமே காதில் விழுந்தால் போனவர்கள் வெறும் பரிதாபத்துக்குரியவர்களாகிவிடுவார்கள். காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் மலைக்குக் கொண்டுபோய் ஆடியவர்களும் அவர்கள்தான். இதைச் சாகசப் பயணமாக்குவது அதைவிட மோசம்.

காரணம் சொல்லாமல் வரைபடத்தில் அம்புக்குறி மட்டும் போடாதீர்கள். காப்பிக்குப் பருவம் உண்டு. பறித்து முடித்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869-இல் காப்பி இலையில் நோய் கண்டது, மெல்ல அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கொழுந்தோ வருஷம் முழுக்கத் துளிர்க்கும். குடும்பங்கள் லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்டன. பத்து வயதுப் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

கப்பலோடு கதையை முடித்துவிடவும் கூடாது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். தாத்தாவின் ஊரைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள் நீலகிரியில் வந்து இறங்கி, மறுபடி கொழுந்து பறித்தார்கள். 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம், இன்றைய டான்டீ, அவர்களைக் குடியமர்த்த வந்ததுதான்.

உங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பிள்ளை இருந்தால், எழுப்பி நிறுத்தி “உன் கதையைச் சொல்” என்று கேட்காதீர்கள். எல்லாரிடமும் அவரவர் வீட்டுத் தாலாட்டைக் கேளுங்கள். விருப்பமிருந்தால் அந்தப் பிள்ளையும் பாடும்.