சூடு பண்ணிச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதா? நம் சமையலறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகளுக்கு வளைகாப்பு நடந்த அன்று தேங்காய் சாதம் அரை அண்டா மீந்துவிட்டது. காலை 11 மணிக்கு இறக்கிய சாதம், மூடி போட்டபடி ஹாலிலேயே கிடந்தது, இரவு 8 மணிக்கு அதை வாணலியில் போட்டு ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை, ருசியும் மாறவில்லை. பத்தரை மணிக்கெல்லாம் வீட்டில் நான்கு பேர் மாறி மாறி வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். மாசமாக இருந்த பெண் அன்று இரவு இட்லி கேட்டுச் சாப்பிட்டதால் தப்பித்தாள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் படபடப்பாக இருக்கும். "சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்" என்று எல்லோரும் டாக்டரிடம் ஒரே மாதிரி சொன்னோம். சூடு பண்ணியதால் பயன் இல்லை, அவ்வளவு நேரம் வெளியே வைத்ததுதான் தப்பு என்றார் அவர்.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போது அது செத்துவிடும், ஆனால் விதை மாதிரி கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் அதன் இன்னொரு வடிவம் சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது அந்த விதைகள் விழித்துக்கொண்டு பெருகும், பெருகும்போது ஒரு நஞ்சையும் விடும், அந்த நஞ்சு 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நம் வீட்டு குக்கர் எத்தனை விசில் விட்டாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. சாப்பிட்ட 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் இப்படித்தான், அது விட்ட நஞ்சும் சூட்டுக்கு அடங்காது. கையில் வெட்டுக்காயம் இருப்பவர் தயிர் சாதம் பிசையக்கூடாது என்பது அதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு சுலபமானது: சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் ஊர் அறை வெப்பம் அதற்குள் பாந்தமாக உட்கார்ந்திருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் 1 மணி நேரத்தையே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. சூடான பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது என்று இரவு வரை காத்திருப்பார்கள் நம் வீடுகளில், அதுதான் பெரிய தப்பு. அண்டா சாதமோ பிரியாணியோ மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான தட்டுகளிலோ சின்ன டப்பாக்களிலோ பிரித்துப் போட்டால் சீக்கிரம் ஆறும், ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடலாம்.

"அப்போ பழைய சோறு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அது வேறு கதை. தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வேலை செய்து புளிக்க வைக்கின்றன, புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகள் பெருகுவது கஷ்டமாகிவிடும். இட்லி மாவும் இதே வழிதான். ஆனால் காலையில் வடித்த சோற்றை ராத்திரி வரை வெறுமனே வைத்திருந்து, படுக்கப் போகும்போது "பழையதுக்கு ஆச்சு" என்று தண்ணீர் ஊற்றினால், புளிப்பு வருவதற்கு முன்பே நஞ்சு வந்திருக்கலாம். ராத்திரிச் சோற்றை ஆறியதும் ஊற்றி வையுங்கள்.

அடுத்தது மூக்கை நம்புவது. ஊசிப்போன வாடை வந்தால் கொட்டிவிடுகிறோம், சரிதான். வாடை வரவில்லை என்றால் நல்லது என்று முடிவு கட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் ஏமாறுகிறோம். சாப்பாட்டை நாற வைக்கும் பாக்டீரியாக்கள் வேறு, நம்மைப் படுக்க வைப்பவை பெரும்பாலும் வேறு. எங்கள் தேங்காய் சாதம் கடைசி வாய் வரை மணமாகத்தான் இருந்தது.

மீனிலும் இதே சங்கதி உண்டு. சூரை, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் விட்டால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். குழம்பு வைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும், நாமும் "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று அதைத் தள்ளி வைத்துவிடுவோம். பல நேரம் மீன் மேல் தப்பே இருக்காது, ஐஸ் போடாததுதான் காரணமாக இருக்கும். விலை கேட்பதற்கு முன்பு ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள், வாங்கியதை வண்டியில் மாட்டிக்கொண்டு காய்கறிக் கடை, மளிகைக் கடை என்று சுற்றாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள்.

கோழியைக் கழுவும் விஷயத்தைச் சொன்னால் என் அம்மாவுக்கே கோபம் வரும். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம், குழாயடியில் வேகமாகக் கழுவும்போது அவை சிங்க், மேடை, பக்கத்தில் வைத்த கொத்தமல்லி வரை தெறிக்கும். மஞ்சளும் உப்பும் அவற்றைக் கொல்லாது, நன்றாக வேகவைத்தால்தான் சாகும். 2019-ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்கில் கிருமிகள் இருந்தன, 26 சதவீதம் பேரின் சாலட் கீரை வரைக்கும் போயிருந்தன. கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் கீரையில் கிருமி ஏறியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழுவாமல் விட்டது மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை, கோழி தொட்ட கையையும் பாத்திரத்தையும் சரியாகக் கழுவாததால் வந்த வினை அது.

கறிக்கடையில் வெட்டிக் கொடுக்கும் கோழியில் எலும்புத் தூளும் ரத்தமும் இருக்கும், கழுவாமல் இருக்க மனசு வராது, எனக்கும் புரிகிறது. கழுவியே ஆக வேண்டும் என்றால் குழாயை மெதுவாகத் திறந்து, ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதற்குள்ளேயே அலசுங்கள். சாலட், சட்னிக்கான சாமான்களை முதலிலேயே நறுக்கி எடுத்து வைத்துவிடுங்கள். கோழி அரிந்த அரிவாள்மனையில் அப்படியே வெங்காயம் அரிந்து தயிர்ப் பச்சடியில் போடுவதைத்தான் தயவுசெய்து நிறுத்துங்கள். குழம்பு கொதிக்கும், பச்சடி கொதிக்காது. கை, அரிவாள்மனை, சிங்க், குழாயின் திருகு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தப்பு, அது தூங்கும், அவ்வளவுதான். உறைந்த கறியை ராத்திரி முழுக்க மேடையில் வைத்து இளக விடாமல், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தட்டு வைத்து இளக விடுங்கள். கரண்ட் போனால் திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும், "உள்ளே எப்படி இருக்கு" என்று பார்க்கத் திறந்தால் அந்த 4 மணி நேரமும் இல்லை.

கடைசியாக, பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது. இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைகள் இருக்கலாம். நம் குடல் அதைத் தாங்கிவிடும், 1 வயது ஆகாத குழந்தையின் குடலில் அது முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை விடலாம். மலச்சிக்கல், பால் இழுக்கத் திணறுவது, அழுகை மெலிவது, உடல் துவண்டு போவது, இதெல்லாம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சுத்தமான மலைத் தேன், சூடு பண்ணிய தேன் எதுவும் விதிவிலக்கு இல்லை, வீட்டு அடுப்புச் சூட்டில் அந்த விதைகளும் சாகாது. வளைகாப்பு நடந்த அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது சேனை வைக்க வேண்டும் என்று பாட்டி தேன் கிண்ணத்தோடு வந்தார். தாயிடமிருந்தே ஒரு சொட்டுப் பாலை விரலில் எடுத்துப் பாட்டி கையாலேயே நாக்கில் தடவச் சொன்னோம். அவரும் சந்தோஷமாகத் தடவிவிட்டு, தேனை எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார்.