ணக்கம் நேயர்களே: வாய்ஸ் டிராக் பதிவு, நேரலை, நான் பட்ட பாடு

என் முதல் வாய்ஸ் டிராக் நிகழ்ச்சி "ணக்கம் நேயர்களே" என்றுதான் தொடங்கியது. 'வ' காணாமல் போயிருந்தது. பதிவு செய்தபோது இருந்தது, கோப்பைத் திறந்து கேட்டால் இருந்தது, ஒலிபரப்பில் மட்டும் இல்லை. இரண்டு மணி நேரம் என் நிகழ்ச்சியை நானே உட்கார்ந்து கேட்டேன். "டுத்து வருவது", "ந்தப் பாடலை" என்று, நான் வாய் திறக்கும்போதெல்லாம் முதல் எழுத்தை யாரோ கத்தரித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த 'யாரோ' யார் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறு இணைய வானொலியில் நான் அறிவிப்பாளர். மைக்கைக் கணினியோடு இணைப்பது, ஒரு கோப்பைச் சேமிப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வாய்ஸ் டிராக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாடல்களுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசும் துண்டுகளை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்து, தானியங்கி ஒலிபரப்பு மென்பொருளின் பட்டியலில் அந்தந்த இடத்தில் செருகிவைப்பது. பாடல் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், பழகியவர்கள் நான்கு மணி நேர நிகழ்ச்சியை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். எனக்கு முதல் தடவை இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு ஐந்து மணி நேரம் ஆனது.

(முன்பதிவு என்றாலே சோம்பேறித்தனம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க வானொலியில் ஒரு காலத்தில் நேர வித்தியாசத்துக்காக ஒரே நிகழ்ச்சியைக் கிழக்குக் கடற்கரைக்கு ஒருமுறை, மேற்குக் கடற்கரைக்கு ஒருமுறை என இரண்டு தடவை நேரலையில் நடத்துவார்கள். இதில் சலித்துப்போன பாடகர் பிங் கிராஸ்பி, 1946இல் தன் நிகழ்ச்சியை முன்கூட்டியே தட்டில் பதிவு செய்து ஒலிபரப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டே காந்த நாடாவுக்கு மாறிவிட்டார். அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதாகத் தெரியவில்லை.)

முதல் படி: பட்டியலைப் பூட்டுங்கள்

பாடல் வரிசை இறுதியாகும் முன் ஒரு சொல்கூடப் பதிவு செய்யாதீர்கள். நான் பதிவு செய்து முடித்த மறுநாள், நிலையத்தில் வேறொருவர் நல்லெண்ணத்தோடு பட்டியலை மறுபடி உருவாக்கினார். நான் உருகி உருகிப் பாராட்டிய பாடல் ஒன்று, அதற்கு முன் ஒலித்த பாடல் வேறொன்று. "இப்போது கேட்டது" என்று நான் சொன்னது எதுவுமே நேயர்கள் கேட்டதாக இல்லை. இப்போதெல்லாம் பட்டியலில் என் நிகழ்ச்சி நேரத்தைப் பூட்டிவிட்டு, பூட்டியாயிற்று என்று குழுவுக்குச் செய்தியும் அனுப்பிவிடுகிறேன்.

இரண்டாம் படி: கருவிகள்

மைக் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வீட்டில் பதிவு செய்பவர்கள் கண்டென்சர் என்ற நுட்பமான வகை மைக் வாங்காதீர்கள். மின்விசிறி, பக்கத்து அறை, வெற்றுச் சுவரின் எதிரொலி எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு வரும். அவ்வளவு நுட்பமில்லாத டைனமிக் வகை மைக் போதும். 1966 முதல் மேடைகளில் அடிபட்டுக்கொண்டிருக்கும் ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒன்று இருந்தாலே வண்டி ஓடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளிக்குள் இருங்கள், சற்றே பக்கவாட்டில் பேசுங்கள். 'ப' சொல்லும்போது வெடிக்காது.

மென்பொருளில் என் ஓட்டு, வாய்ஸ் டிராக் பதிவு வசதி உள்ளேயே அமைந்தவற்றுக்குத்தான். லினக்ஸில் இயங்கும் இலவச மென்பொருளான ரிவென்டெல்லில் அது இருக்கிறது. கட்டண மென்பொருளான எம்ஏர்லிஸ்ட்டிலும் இருக்கிறது. முந்தைய பாடலின் வால், உங்கள் குரல், அடுத்த பாடலின் தலை மூன்றும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். முந்தைய பாடல் அடங்குவதைக் காதில் கேட்டுக்கொண்டே பேசலாம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் பேசிப் பிறகு வெட்டுவதும் முடியும்தான். ஆனால் வெற்று அமைதியில் பேசிய குரல் காட்டிக்கொடுத்துவிடும். சோகப் பாட்டு முடிந்த கையோடு சந்தைக்காரர் மாதிரி கூவியிருப்பீர்கள். ஆடாசிட்டிதான் கதி என்றால், ஒவ்வொரு துண்டுக்கும் முன் அந்தப் பாடலின் கடைசி 15 நொடியையாவது காதில் ஓடவிடுங்கள்.

மூன்றாம் படி: முன்னிசைக்குள் பேசி முடிப்பது

நிறையப் பேர் விழும் இடம் இது, நானும் விழுந்தேன். பாடலின் முன்னிசை 14 நொடி என்றால், அந்த 14 நொடிக்குள் பேசி முடித்துப் பாடகர் வாய் திறக்கும்போது நீங்கள் வாய் மூடியிருக்க வேண்டும். நேரலையில் கடிகாரம் கண்முன் ஓடும், காது எச்சரிக்கும். பதிவில் எல்லாம், பாடல் எங்கே தொடங்குகிறது, குரல் எங்கே வருகிறது என்று மென்பொருளில் குறித்துவைத்த குறியீடுகளை நம்பித்தான்.

தமிழில் இதற்கு ஒரு தனி ஆபத்து உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது, ஆகுமா ஆகாதா என்பதும் அங்கேதான் தெரிகிறது. ஒருமுறை நான் சொன்னது, "நாளை இதே நேரத்தில் இந்த நிகழ்ச்சியை நீங்கள் கேட்க முடி". அதற்குள் பாடகர் வந்துவிட்டார். முடியுமா முடியாதா என்று கேட்டு நான்கு பேர் செய்தி அனுப்பினார்கள். (முடியாது. நான் ஊரில் இல்லை.)

தவறு எங்கே என்று பார்த்தால், கணக்கில். முன்னிசை 14 நொடி என்ற குறியீடு கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டது. ஆனால் பாடல் தொடங்கவேண்டிய புள்ளியை யாரோ 1.2 நொடி தள்ளிக் குறித்திருந்தார்கள், முன்னால் இருந்த அமைதியைத் தவிர்ப்பதற்காக. ஆக எனக்குக் கிடைத்தது 12.8 நொடிதான். ஒரு நொடிக்கு மேல் துண்டு விழுந்தது, 'யாது' விழுந்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நீங்கள் பேசப்போகும் பாடல்களை மட்டுமாவது ஒருமுறை திறந்து, தொடக்கப் புள்ளியையும் குரல் தொடங்கும் புள்ளியையும் நீங்களே குறியுங்கள். கழித்துக் கிடைக்கும் நேரத்தில் ஒரு நொடியை விட்டுவிடுங்கள். கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அது மூன்று நான்கு சொல்லில் முடியட்டும், அதற்கு மேலே மற்றதை அடுக்குங்கள். என் வேகத்தில் 10 நொடிக்குப் பதினேழு பதினெட்டுச் சொல் போகிறது. உங்கள் வேகத்தை ஒருமுறை அளந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முன்னிசைக்கு முன்பே ஒரு முனகலோ கோரஸோ வந்தால் எதைக் குரல் என்று கணக்கிடுவது? என் முடிவு: சொல் இல்லாத முனகல் என்றாலும் அது குரல்தான், அதன்மேல் பேசக்கூடாது. தொகையறாவில் (தாளக்கட்டு இல்லாமல் பாடகர் நேரே பாடத் தொடங்கும் பகுதி) தொடங்கும் பாட்டுக்கு முன்னிசையே கிடையாது. பேச வேண்டியதை முந்தைய பாடலின் வாலிலேயே பேசிவிட்டு ஒதுங்கிவிடுங்கள்.

நான்காம் படி: அந்தக் கத்தரிக்கோல்

'வ'வைத் தின்றது யார்? நிலையத்தின் மென்பொருள். எந்தக் கோப்பை உள்ளே எடுத்தாலும் அதன் முன்னால் இருக்கும் அமைதியை அது தானாகவே வெட்டும். ஒலி ஒரு குறிப்பிட்ட டெசிபெல் அளவைத் தாண்டினால்தான் 'பேச்சு தொடங்கிவிட்டது' என்று ஒப்புக்கொள்ளும். பாடல்களுக்கு அது சரி. நானோ, ஒலி உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மிகவும் தாழ்வாகப் பதிவு செய்திருந்தேன். என் 'வ' அந்தக் கோட்டைத் தொடவேயில்லை. இலக்கணத்தில் 'வ' இடையினம், எங்கள் மென்பொருளுக்கு அது எந்த இனமும் இல்லை.

நான் முதலில் செய்த வைத்தியம், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு நொடி அமைதி சேர்த்தது. அதையும் சேர்த்து வெட்டியது, வெட்டத்தானே அது இருக்கிறது! சரியான வைத்தியம் இரண்டு. பதிவின் உச்சம் -6 டெசிபெல் அருகே வரும்படி (0 என்பது ஒலி உடையும் எல்லை) உரக்கப் பதிவு செய்யுங்கள். அதோடு, குரல் துண்டுகளுக்கான பிரிவில் இந்தத் தானியங்கி வெட்டை அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லையென்றால் அந்த வரம்பை -45 டெசிபெல் அளவுக்கு இறக்குங்கள். பிறகு கோப்பைத் தனியாகக் கேட்டுத் திருப்தி அடையாமல், ஒலிபரப்பில் போவது போல மென்பொருளிலேயே பாடல், குரல், பாடல் என்று ஓடவிட்டுக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: காலத்தைக் குறிக்கும் சொற்கள்

பதிவில் மணி சொல்லாதீர்கள். பாடல்களின் மொத்த நீளம் ஒருபோதும் சரியாக அறுபது நிமிடம் வராது. இரண்டாம் மணி நேரத்தில் உங்கள் துண்டு ஐந்து நிமிடம் தள்ளிப்போயிருக்கும். வானிலை, போக்குவரத்து, ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கை எதையும் தொடாதீர்கள்.

"இணைப்பில் வாருங்கள், காத்திருக்கிறேன்" என்று பதிவில் சொல்வது என்னைப் பொறுத்தவரை பொய். யாரும் எடுக்காத தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருக்கும். "செய்தி அனுப்புங்கள், அடுத்த நிகழ்ச்சியில் படிக்கிறேன்" என்று சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

நேரலைக்குப் போகும்போது

வாராவாரம் ஒரு நிகழ்ச்சியையாவது நேரலையில் செய்யுங்கள். இல்லையென்றால் பதிவுக் குரல் நாளடைவில் சாமான் பட்டியல் படிப்பது போல் ஆகிவிடும். இணைய வானொலியில் நேரலைக்குப் 'பட்' என்ற சிறிய இலவச மென்பொருள் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் ஒலிபரப்பையே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பேசாதீர்கள். இணைய ஓடை (ஸ்ட்ரீம்) பல நொடி தாமதமாக வரும், உங்கள் குரலே உங்களைத் துரத்தும். ஒலிகளைக் கலக்கும் மிக்சரிலிருந்து நேரே வரும் ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டாவது, தானியங்கியை நிறுத்திவிட்டீர்களா என்று பாருங்கள். நான் ஒரு இரங்கல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோது நிலையத்தின் துள்ளல் விளம்பர இசை மேலே ஏறிவிட்டது.

பதிவுதான் வசதி என்று நிலையத்தை முழுக்கக் கணினியிடம் ஒப்படைப்பவர்கள் ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2002 ஜனவரி 18 அன்று, நள்ளிரவுக்குப் பின், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் நகரின் அருகே ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு அம்மோனியா கசிந்தது. ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். மக்களை எச்சரிக்க வானொலி நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்த காவல்துறையால் அங்கே யாரையும் பிடிக்க முடியவில்லை. பிழை யார் பக்கம் என்று பின்னால் நிறைய வாதம் நடந்தது, அது வேறு கதை. எங்கள் நிலையத்தில், தானியங்கியை நிறுத்தி நேரலைக்கு வரும் ஆறு வரிக் குறிப்பையும், எந்நேரமும் அழைக்கக்கூடிய இருவரின் எண்களையும் அட்டையில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறோம். 20 நொடி அமைதி நிலவினால் எங்கள் கைப்பேசிக்குச் செய்தி வரும் ஏற்பாடும் இருக்கிறது.

சேர்க்கை 1: பதிவு நன்றாக இருந்தும் ஒலிபரப்பில் மூச்சு விடும் சத்தம் புயல் போல் கேட்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸ்ஸரை நீங்கள் பதிவில் போட்டிருப்பீர்கள். நிலையத்தின் ஒலிச் செயலி அதன்மேல் இன்னொன்று போடுகிறது. பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டுங்கள், மென்மையான 3:1 கம்ப்ரெஷன் போதும், மற்றதை நிலையத்திடம் விடுங்கள்.

சேர்க்கை 2: ஒலியளவு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வகுத்த ஆர்128 பரிந்துரை -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு) என்கிறது. இணைய ஓடைக்கு -16 முதல் -20 வரை வைப்பது வழக்கம். உங்கள் நிலையம் எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டுவிட்டு, குரலைப் பாடலோடு காதால் ஒப்பிட்டுப் பாருங்கள். அளவி ஒன்று போலக் காட்டினாலும், அடர்ந்த இசை கொண்ட பாட்டின் பக்கத்தில் தனிக் குரல் மெலிந்து தெரியும்.

சேர்க்கை 3: குரல் இடது காதில் மட்டும் கேட்கிறதா? ஸ்டீரியோ கோப்பின் ஒரு தடத்தில் மட்டும் பதிவாகியிருக்கிறது. பதிவைத் தொடங்கும் முன் மோனோவுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே நாற்பது துண்டு பதிவாகிவிட்டது என்றால் ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தடத்தைப் பிரித்து, வெற்றுத் தடத்தை நீக்கி, மீதியை மோனோவாக்குங்கள். மோனோவாகக் கலந்துவிடும் கட்டளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது வெற்றுத் தடத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்து உங்கள் குரலை 6 டெசிபெல் தாழ்த்திவிடும், 'வ' மறுபடியும் காணாமல் போகும்.