பழைய பிரிட்டிஷ் 'ஆஃபீஷியல்' தபால்தலைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1904 மே 14 அன்று பிரிட்டனில் ஆறு பென்ஸ் தபால்தலை ஒன்று வெளியானது. ஏழாம் எட்வர்ட் மன்னரின் உருவம், மங்கிய ஊதா நிறம், அதன்மேல் கறுப்பு மையில் 'ஐ.ஆர். ஆஃபீஷியல்' என்று இரண்டு வரி. அன்றைக்கே அரசுத் துறைகளுக்கான இந்த வகைத் தபால்தலைகள் அத்தனையும் திரும்பப் பெறப்பட்டுவிட்டன. தப்பித்து வெளியே வந்தவை மிகச் சில. 2010-இல் ஒரு பிரதி 4 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்தக் கறுப்பு எழுத்து இல்லாத அதே ஆறு பென்ஸ் தபால்தலையோ எந்த வியாபாரியிடமும் சாதாரண விலைக்குக் கிடைக்கும்.

இவ்வளவு விலை வித்தியாசமும் இரண்டு சொல்லில் அடங்கியிருக்கிறது. போலி செய்ய எளிதானதும் அந்த இரண்டு சொல்தான். ஒரு தபால்தலையை முழுசாகப் போலியாக அச்சடிக்க, காகிதம், நீர்க்குறி, செதுக்கு வேலை, துளை விளிம்பு எல்லாம் பொருந்த வேண்டும். அசல் தபால்தலையை வாங்கி அதன்மேல் இரண்டு சொல் அடிப்பதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. எனவே கையில் ஒன்று கிடைத்தால் அந்த எழுத்தைக் கடைசியாகப் பாருங்கள். அதைச் சுமக்கும் தபால்தலையை முதலில் படியுங்கள். பெரும்பாலான போலிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கறுப்பு எழுத்து இருந்தாலே 'ஆஃபீஷியல்' என்று நினைப்பது

பிரிட்டனில் துறை மேலச்சு, அதாவது தபால்தலையின்மேல் பிறகு அடித்த துறை எழுத்து, ஏழே ஏழு வகைதான். 1882-இல் தொடங்கிய ஐ.ஆர். ஆஃபீஷியல் உள்நாட்டு வருவாய்த் துறைக்கு. கவ்ட் பார்சல்ஸ் என்பது 1883-இல் பார்சல் சேவை தொடங்கியபோது அரசுப் பார்சல்களுக்காக வந்தது. 1896-இல் இரண்டு: அரசுக் கட்டடங்களைக் கவனித்த ஆபீஸ் ஆஃப் வொர்க்ஸுக்கு ஓ.டபிள்யூ. ஆஃபீஷியல், ராணுவத்துக்கு ஆர்மி ஆஃபீஷியல். 1902-இல் கல்வி வாரியத்துக்கு போர்டு ஆஃப் எஜுகேஷன், அரண்மனை நிர்வாகத்துக்கு ஆர்.எச். ஆஃபீஷியல். கடைசியாக 1903-இல் கடற்படைத் தலைமைக்கு அட்மிரால்டி ஆஃபீஷியல். இதற்கு வெளியே உள்ளது வேறு கதை.

லெவன்ட், மொராக்கோ ஏஜென்சிஸ், டான்ஜியர், எம்.இ.எஃப். என்றெல்லாம் எழுத்து விழுந்த பிரிட்டிஷ் தபால்தலைகள் வெளிநாடுகளில் இருந்த பிரிட்டிஷ் அஞ்சலகங்களுக்கோ, பிரிட்டிஷ் படைகளின் பிடியில் இருந்த பகுதிகளுக்கோ போனவை. ஸ்பெசிமன், கேன்சல்டு என்றிருந்தால் அவை மாதிரிகள். கிரீடமும் 'பி.டி.' என்ற எழுத்தும் ஊசித் துளைகளாக இருந்தால் அது வர்த்தக வாரியத்தின் அடையாளம். அதுவும் அரசுப் பயன்பாடுதான், ஆனால் மேலச்சு அல்ல.

நம் ஊர் பழைய ஆல்பங்களில் அதிகம் தென்படுவது 'ஆன் எச்.எம்.எஸ்.' (மன்னர் அல்லது ராணியின் அரசுப் பணிக்கு) என்று அச்சிட்ட விக்டோரியா, எட்வர்ட் தபால்தலைகள். ராணி படம், ஆங்கில எழுத்து, பழைய காகிதம். அதனால் 'பிரிட்டிஷ் ஆஃபீஷியல்' என்ற பெயரில் இணையத்தில் விலை போட்டுவிடுகிறார்கள். அவை இந்தியத் தபால்தலைகள். 'ஆன் சர்வீஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் இலங்கை. பிரித்துப் பார்க்க நிபுணர் தேவையில்லை. பிரிட்டிஷ் தபால்தலையில் நாட்டின் பெயர் இருக்காது. இந்தியா, சிலோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது பிரிட்டன் அல்ல, அவ்வளவுதான்.

ஆண்டுக் கணக்கைப் பார்க்காமல் வாங்குவது

எனக்குப் பிடித்த சோதனை இதுதான். செலவே இல்லை. 1904 மே 14-க்குப் பிறகு அச்சான எந்தத் தபால்தலையிலும் இந்த மேலச்சு இருக்க வாய்ப்பில்லை. போலி செய்பவர் மலிவாகக் கிடைக்கும் எட்வர்ட் தபால்தலையை எடுத்து எழுத்தை அடிப்பார். அது எப்போது அச்சானது என்று பல நேரம் அவருக்கே தெரியாது.

அரை பென்னியை எடுத்துக்கொள்வோம். எட்வர்ட் அரை பென்னி 1902-இல் நீலப் பச்சையாக வந்தது. 1904 நவம்பரில்தான் மஞ்சள் கலந்த வெளிர் பச்சைக்கு மாறியது. அதற்குள் துறைத் தபால்தலைகள் ஒழிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. எனவே மஞ்சள் பச்சை அரை பென்னியில் 'ஆர்.எச். ஆஃபீஷியல்' இருந்தால் லென்ஸ்கூட எடுக்க வேண்டாம். சுண்ணப்பூச்சுக் காகிதம் புழக்கத்துக்கு வந்தது 1905-இல். அதில் அச்சான எட்வர்டில் துறை எழுத்து இருந்தாலும் இதே தீர்ப்புதான். துளை விளிம்பும் சொல்லிவிடும். டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட எட்வர்ட் தபால்தலைகளில் துளை அளவு 14, அதாவது இரண்டு சென்டிமீட்டருக்கு 14 துளை. ஹாரிசன் நிறுவனம் 1911-இல் அச்சிட்டவற்றில் 15-க்கு 14 (கிடைமட்டத்தில் 15, செங்குத்தில் 14) என்ற அளவு உண்டு. அந்த அளவில் துறை மேலச்சா? போலி. எட்வர்டுக்கு அடுத்து வந்த ஐந்தாம் ஜார்ஜ் படத்தின்மேல் அட்மிரால்டி என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

சுண்ணப்பூச்சைச் சோதிக்க வெள்ளிக் காசை ஓரத்தில் தேய்ப்பது பழைய பழக்கம். வேண்டாம். கறுத்த கோடு விழும், அது போகாது.

மறுபக்கமும் கணக்குப் பார்க்கலாம். அட்மிரால்டியும் ஆர்.எச். வகையும் எட்வர்ட் தபால்தலைகளில் மட்டும்தான் உண்டு. ஆர்.எச். வகையில் மொத்தமே அரை பென்னி, ஒரு பென்னி என இரண்டு மதிப்புகள். விக்டோரியா ராணியின் உருவத்தின்மேல் அந்த எழுத்துகளைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம்.

விக்டோரியா காலத்து ஒரு பென்னி லைலாக்கில் (வெளிர் ஊதா நிறத் தபால்தலை) இன்னொரு நுணுக்கம். 1881 ஜூலையில் வந்த முதல் அச்சில் ஒவ்வொரு மூலையிலும் 14 புள்ளிகள். அதே ஆண்டு டிசம்பரில் 16 ஆனது. ஐ.ஆர். மேலச்சு வந்தது 1882-இல், 16 புள்ளி வகையில்தான். 14 புள்ளியில் அந்த எழுத்து இருந்தால் யாரோ தெரியாமல் வேலை செய்திருக்கிறார். அதிலும் வேடிக்கை, 14 புள்ளித் தபால்தலைக்கு எழுத்து இல்லாமலேயே 16 புள்ளியைவிட விலை அதிகம். நல்ல பொருளைக் கெடுத்துப் போலி செய்திருக்கிறார்.

அஞ்சல் முத்திரையைக் கவனிக்காமல் விடுவது

அரசு அலுவலகத்துக்குத் தபால்தலை போகும்போதே எழுத்து அதில் இருந்தது. கடிதத்தில் ஒட்டி அஞ்சலகம் போன பிறகுதான் முத்திரை விழுந்தது. ஆகவே முத்திரை மை மேலே, எழுத்தின் மை கீழே. போலியில் பெரும்பாலும் தலைகீழ்: ஏற்கெனவே முத்திரை விழுந்த மலிவுப் பொருளின்மேல் எழுத்து. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தை பத்து மடங்கு லென்ஸில், சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டும் கறுப்பு மை என்பதால் எப்போதும் தெளிவாகத் தெரியாது. தெரியாதபோது தெரிந்த மாதிரி முடிவு செய்யக் கூடாது.

தேதி படிக்க முடிந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆர்மி ஆஃபீஷியல் எழுத்துள்ள லைலாக்கில் 1889 முத்திரை இருந்தால், அந்த எழுத்து பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பே அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆர்மியில் அரை பென்னியிலும் ஒரு பென்னியிலும் ஒரு பிரபலமான அச்சுப் பிழை உண்டு. 'ஆஃபீஷியல்' என்ற சொல்லின் கடைசி 'எல்' எழுத்து கால் இல்லாமல் 'ஐ' போல இருக்கும். இதற்குத் தனி விலை. ஆனால் ஒரு எழுத்தின் காலைப் பிளேடால் சுரண்டுவது பெரிய வித்தை இல்லை. அந்த இடத்தில் காகித நார் எழும்பியிருக்கிறதா என்று பார்க்காமல் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீரில் போடுவது

காகிதத்தோடு ஒட்டிய பழைய தபால்தலையைக் கண்டால் கை தானாகக் கிண்ணத்தைத் தேடும். 1883, 1884-இல் வந்த லைலாக், பச்சை வரிசை தண்ணீர் பட்டால் சாயம் போகும் மையில் அச்சானது. முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டுவதைத் தடுக்கத்தான் அப்படிச் செய்தார்கள். கவ்ட் பார்சல்ஸில் ஆறு பென்ஸ், ஒன்பது பென்ஸ் பச்சைகளும், ஐ.ஆர். வகையில் ஒரு ஷில்லிங் பச்சையும் இந்த வரிசையில் வந்தவை. நனைந்தால் பச்சை வெளிறும், கூடவே மதிப்பும் போகும். எழுத்து அசலாக இருந்தாலும் வெளிறிய பிரதியை நல்ல சேகரிப்பாளர் வாங்க மாட்டார்.

அப்புறம், உறையோடு இருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். எந்த அலுவலகத்திலிருந்து யாருக்குப் போனது என்று சொல்லும் உறைதான் மேலச்சுக்குப் பெரிய ஆதாரம். ஓ.டபிள்யூ., அட்மிரால்டி போன்றவற்றில் உறைக்குத் தனி மதிப்பு உண்டு.

விலை

'அரிது' என்ற சொல்லை நம்பி விலை போடுவதுதான் முதல் தவறு. ஒரு பென்னி லைலாக் மொத்தம் 3,300 கோடிக்கு மேல் அச்சானது. ஐ.ஆர். எழுத்துள்ள லைலாக் நாடு முழுவதும் இருந்த வரி அலுவலகங்களில் தினமும் புழங்கியது. பயன்படுத்திய பிரதி இன்றும் சில பவுண்டுதான். அதே ஐ.ஆர். எழுத்து பத்து ஷில்லிங், ஒரு பவுண்டு போன்ற உயர் மதிப்புகளில் இருந்தால் ஆயிரக்கணக்கில் பேச்சு. போலிகளும் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற தபால்தலை வியாபார நிறுவனத்தின் கேட்லாக்கில் உள்ள தொகை, நல்ல நிலையில் உள்ள பிரதிக்கு வியாபாரி கேட்கும் விலை. நீங்கள் விற்கும்போது கைக்கு வரும் தொகை அதைவிட நிறையவே குறையும். மூலை மடிந்தது, மெலிந்த இடம், கனமான முத்திரை என ஒவ்வொன்றும் இன்னும் இறக்கும். பார்சல் தபால்தலைகளில் இது ரொம்பப் பொருந்தும். பார்சலில் முத்திரையை ஓங்கிக் குத்துவார்கள், அதனால் சுத்தமான பிரதி கிடைப்பது கஷ்டம். கேட்லாக் தொகையை அப்படியே உங்கள் கறுத்துப் போன பிரதிக்குப் போட்டுக்கொள்ள முடியாது. இணையத்தில் யாரோ கேட்டிருக்கும் தொகையும் விலை அல்ல. விற்று முடிந்தவற்றின் பட்டியலைப் பாருங்கள்.

சில நூறு பவுண்டுக்கு மேல் போகும் எதையும், குறிப்பாக போர்டு ஆஃப் எஜுகேஷன், ஆர்.எச்., அட்மிரால்டி வகைகளை, நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு, பி.பி.ஏ. எக்ஸ்பர்டைசிங் ஆகிய இரண்டின் சான்றிதழ்களுக்கும் ஏலத்தில் மதிப்பு உண்டு. சான்றிதழ் காட்டினால் அதிலுள்ள படத்தையும் கையிலுள்ள பிரதியையும் பல் பல்லாக, முத்திரைக் கோடு கோடாக ஒப்பிடுங்கள். நல்ல பிரதிக்கு வாங்கிய தாள் வேறொன்றோடு கைமாறுவது உண்டு. சான்றிதழுக்கு ஆகும் கட்டணம் ஒரு பென்னி லைலாக்கின் விலையைத் தாண்டும், அதற்கு அனுப்ப வேண்டாம்.