பழைய டிரெய்லரில் பாய்மரப் படகை ஏற்றலாம்: செய்முறை

பெயின்ட் டப்பாவை ஓரமாக வையுங்கள், அது கடைசி வேலை. இந்தச் செய்முறை 300 கிலோ வரையுள்ள படகுக்கும், பிரேக் இல்லாத ஒற்றை ஆக்சில் டிரெய்லருக்கும் பொருந்தும்.

1. சட்டம் தேறுமா?
சட்டம் நெடுக சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சதுரக் குழாய்க்குள் உப்புத்தண்ணீர் தேங்குவதால் துரு உள்ளிருந்துதான் தொடங்கும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்திலோ ஆக்சிலிலோ ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், வேறு டிரெய்லர் தேடுங்கள். நாகமுலாம் பூசிய சட்டத்தில் வெல்டிங் வைத்தால் முலாம் எரியும், புகை உடம்புக்கு ஆகாது. புதுப் பாகங்களை யூ போல்ட்டால் பிடியுங்கள்.

2. பேரிங்
வழியில் டிரெய்லர் நின்றுபோக முக்கியக் காரணம் இதுதான். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். தூசி மூடி, நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின், நட் மூன்றையும் எடுத்தால் ஹப் (சக்கரம் மாட்டும் நடுக்குடம்) கையோடு வரும். வெளி பேரிங் கீழே விழாமல் கட்டைவிரலால் தாங்கிக்கொள்ளுங்கள். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு உருளைகளில் குழியோ நீல நிறமோ தெரிந்தால் பேரிங்கை மாற்ற வேண்டும். அப்போது ஹப்புக்குள் இருக்கும் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வளையம் புது பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் சீல் எப்போதும் புதிது.

படகு டிரெய்லருக்கான தண்ணீர் தாங்கும் கிரீஸை உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி இழுங்கள். மறுபக்கம் உருளைகளுக்கிடையே கிரீஸ் பிதுங்க வேண்டும். மாட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்குங்கள். காட்டர் பின்னுக்கான துளை நேராகாவிட்டால் நட்டைப் பின்னோக்கித் திருப்பிப் புது காட்டர் பின் போடுங்கள். ஸ்பேனர் இறுக்கத்திலேயே விட்டால் பேரிங் சூடேறிக் கருகும்.

3. டயர்
பட்டன் தேயாததைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. வெடிப்பு விட்ட டயரை எந்த வயதானாலும் தூக்கிப் போடுங்கள்.

4. படகு உட்காரும் இடம்
எடை முழுவதும் படகின் நடு அடிமரத்தில், அதாவது ஏராவில்தான் இறங்க வேண்டும். அதற்கு நடுவே மூன்று நான்கு ரப்பர் ரோலர்கள். இருபுறமும் கம்பளம் சுற்றிய மரக்கட்டைகள் படகு சாயாமல் பிடிக்க மட்டுமே. எடை அவற்றில் ஏறினால் ஃபைபர் உள்வாங்கும். போல்ட் தலை மரத்துக்குள் புதைந்திருக்கட்டும். கட்டைகளின் பின்முனை படகின் பின்பலகை வரை எட்ட வேண்டும்.

5. கொக்கி எடை
படகை ஏற்றி, டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, கப்ளிங்கை, அதாவது காரின் கொக்கியில் மாட்டும் முன்முனையை, ஆள் எடை பார்க்கும் மெஷின்மேல் ஒரு கட்டை வைத்துத் தாங்குங்கள். படகும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வர வேண்டும்: 400 கிலோவுக்கு 20 முதல் 40 கிலோ. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். படகை முன்னே தள்ளினால் பின்பலகைக்கு ஆதரவு போய்விடும். அதனால் யூ போல்ட்டைத் தளர்த்தி ஆக்சிலைப் பின்னே நகர்த்துங்கள். பிறகு கப்ளிங்கிலிருந்து ஆக்சிலின் இரு முனைக்கும் டேப் பிடித்து, அளவு ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

6. மீதி வேலை
படகை டிரெய்லர்மேல் இழுக்கும் வின்ச்சின் பட்டை படகின் முன்வளையத்துக்கு நேராக இழுக்க வேண்டும். பாய்மரத்தை இறக்கி, முன்னும் பின்னும் தாங்கி வைத்துக் கட்டுங்கள். விளக்குகளுக்கு எர்த் வயர் தனியாக இழுங்கள். துருவேறிய சட்டத்தை நம்பினால் விளக்கு விட்டுவிட்டு எரியும். இப்போது பெயின்ட் அடிக்கலாம்.

முதல் ஓட்டத்தில் 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நட் இறுக்கம். தண்ணீரில் இறக்கும்முன் ஹப் ஆறட்டும்; சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.