பழைய மில்லைப் படம் எடுக்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தில் பாழடைந்த ஆலை என்றால் எல்லாரும் 1990இல் போரோடு நின்றுபோன காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையைத்தான் சொல்வார்கள். எனக்கோ ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் சின்ன அரிசி மில்கள்தான் பிடிக்கும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தாலும் வளவைப் பார்த்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருப்பார்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். எங்கே கிணறு, எந்தச் சுவர் ஆடுது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பற்றைக்குள் மூடிக் கிடக்கும் கிணறும் நெல் ஊறப்போடும் தொட்டியும் பாம்பைவிட மோசம்.

காங்கேசன்துறை இருக்கும் வலிகாமம் வடக்குப் பக்கம் என்றால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் நடந்த தடத்தை விட்டு விலக வேண்டாம். துருப்பிடித்த இரும்பு எதையும் காலால் தட்டவும் வேண்டாம். இராணுவ முகாம் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது.

சரி, படத்துக்கு வருவோம். காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். உச்சி வெயிலில் கூரை ஓட்டை வெள்ளையாக வெளிறும், மூலையெல்லாம் கறுப்பாகிவிடும். போனில் எடுத்தால் வெளிச்சமான இடத்தைத் தொட்டு ஒளியைக் கொஞ்சம் குறையுங்கள். எஞ்சினில் வார்த்த எழுத்துகள் துருவில் தெரியாவிட்டால் டோர்ச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்ததும் எழுத்து எழும்பி வரும். பெல்ட் ஓடித் தேய்ந்த சக்கரத்தின் மினுமினுப்பும் அப்படித்தான் பிடிபடும்.